காலை அரங்கின் ஆசிரியர்கள்

சென்னையின் மார்கழி இசைவிழா என்றதும் மாலைக் கச்சேரியும் நிறைந்த அரங்கும் முன்னணிப் பாடகர்களின் பெயர்களுமே பலருக்கும் நினைவில் எழுகின்றன என்றாலும், அவ்விழாவுக்கு வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத ஒரு குணத்தைத் தந்தவை, காலை வேளைகளில் சிறிய கூட்டத்தின் முன் வித்வான்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் கூடி நடத்திய விவாதங்களே ஆகும். ஒரு ராகத்தின் இலக்கணம் எதுவென்று அங்கே பாடிப் பாடி ஆராயப்பட்டது. வழக்கொழியவிருந்த கீர்த்தனைகள் முதிய வித்வான்களின் நினைவிலிருந்து மீண்டும் ஒலித்தன. ஒரே பாடலை இரு பரம்பரையினர் இரு விதமாகப் பாடுவதன் காரணம் கேட்கப்பட்டது. இந்த அரங்குகளை உருவாக்கியவர்களில் பலர், பாடுவதையும் கற்பிப்பதையும் பிரிக்க முடியாத கடமைகளாகக் கொண்டு வாழ்ந்தவர்கள். ஓர் ஆசிரியர் விழாவை நடத்தும்போது விழாவின் இயல்பில் என்ன மாற்றம் நிகழ்கிறது என்பதும், அந்த மாற்றம் இசைக்கு ஏன் இன்றியமையாததாகிறது என்பதும் விரிவாக எண்ணிப் பார்க்கத் தக்கவை.

கர்நாடக இசை நெடுங்காலம் குருகுலவாசத்தின் வழியாகவே, அதாவது மாணவர் ஆசிரியரின் இல்லத்திலேயே தங்கி, பணிவிடை செய்து, அவர் பாடுவதைக் கேட்டுக் கேட்டு உள்வாங்கும் முறையின் வழியாகவே கைமாறி வந்தது. அம்முறையில் கிடைப்பது பாடாந்தரம் எனப்பட்டது. ஒரு பாடலை இன்ன சங்கதிகளோடு, இன்ன காலப்பிரமாணத்தில், இன்ன அழுத்தங்களோடு பாட வேண்டும் என்று ஒரு குரு வழியில் வந்துசேரும் வடிவமே பாடாந்தரம். அது பரம்பரையின் சொத்தாகக் கருதப்பட்டதால், வெளியார் கேள்வி கேட்கவோ, வேறொரு பாடாந்தரத்தோடு அதை நேருக்கு நேர் ஒப்பிடவோ வாய்ப்பு அரிதாகவே இருந்தது. கேட்பவர்களும் குறைவு, அரசவையிலும் ஜமீன்தார் மாளிகையிலும் கோயிலிலும் கேட்டவர்களில் கணிசமானோர் இசையோடு பழகிய செவியினர். 1855இல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுக்கு வந்தபின் வித்வான்கள் மைசூர், திருவிதாங்கூர், எட்டயபுரம், ராமநாதபுரம் முதலிய ஆதரவுகளை நாடிச் சென்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் சபாக்கள் தோன்றியபோது, கட்டணம் செலுத்தி அமரும் பொதுமக்கள் முதன்முறையாக இசையின் புரவலர் ஆனார்கள். அரசனுக்கு இருந்த இசைப்பயிற்சி இந்தப் புதிய புரவலருக்கு இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆகவே பாடுபவரைப் பயிற்றுவிப்பதோடு கேட்பவரையும் பயிற்றுவிக்க வேண்டிய தேவை அக்காலத்தில்தான் எழுந்தது. அத்தேவையை முதலில் உணர்ந்தவர்கள் ஆசிரியத் தொழிலை அறிந்தவர்களாக இருந்ததில் வியப்பில்லை.

அவர்களுள் முன்னோடி ஆபிரகாம் பண்டிதர். 1859இல் தென்காசிப் பகுதியின் சாம்பவர் வடகரையில் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் சித்த மருத்துவராகப் பெரும்புகழ் ஈட்டிய அவர், மருத்துவத்தால் வந்த செல்வத்தை இசை ஆராய்ச்சிக்குச் செலவிட்டார். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, அடுத்த சில ஆண்டுகளில் பல மாநாடுகளைக் கூட்டி, பல ஊர்களிலிருந்தும் வித்வான்களை வரவழைத்து, அவர்கள் தங்குவதற்கும் உண்பதற்கும் தாமே பொறுப்பேற்றார். அம்மாநாடுகளின் மையப் பொருள்களில் ஒன்று சுருதி பற்றிய கேள்வி. அதாவது ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும் நுண்ணிய ஒலிநிலைகள் எத்தனை என்பது. சாரங்கதேவரின் வடமொழி நூல் வழியே வந்த 22 என்ற கணக்கை மறுத்து, சிலப்பதிகாரத்தில் காணப்படும் இசைக்குறிப்புகளின் துணையோடு 24 என்று பண்டிதர் வாதிட்டார். 1916இல் பரோடாவில் இசையறிஞர் பாத்கண்டேயின் முயற்சியால் கூடிய முதல் அகில இந்திய இசை மாநாட்டில் அவருடைய குடும்பத்துப் பெண்கள் வீணையில் அக்கொள்கையை வாசித்துக் காட்டினார்கள்; 1917இல் அவருடைய பெருநூலாகிய ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. அவருடைய முடிவுகளை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆயினும் ஒரு கொள்கையைச் சபையின் முன் வைத்து, வாசித்துக் காட்டி, மறுப்பவர்களையும் அழைத்து உட்காரவைத்து விடை கூறும் வழக்கத்தைத் தமிழகத்தில் தொடங்கி வைத்தவர்களுள் அவருக்கு முதன்மையான இடம் உண்டு.

1927 டிசம்பரில் இந்திய தேசிய காங்கிரஸ் சென்னையில் கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடைபெற்றது; அதில் நிறைவேறிய தீர்மானத்தின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி எனப்படும் சங்கீத வித்வத் சபை தோன்றியது. மருத்துவர் யு. ராமராவ் அதன் முதல் தலைவர். பரதநாட்டியத்துக்காகப் பின்னர் பெரிதும் வாதாடிய வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் அதன் தொடக்ககாலச் செயலர்களில் ஒருவர். நிர்வாகம் மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் கையில் இருந்தபோதிலும், 1929 முதல் டிசம்பர்தோறும் நடந்துவந்த மாநாட்டின் தலைமை ஆசனத்தில் இசையறிந்த ஒருவரே அமர வேண்டும் என்ற ஏற்பாடு விரைவில் நிலைபெற்றது. 1930இல் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், 1932இல் டைகர் வரதாச்சாரியாரும், 1933இல் தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளையும், 1935இல் மைசூர் வாசுதேவாசாரியாரும், 1938இல் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும், 1939இல் முசிறி சுப்பிரமணிய ஐயரும் அவ்வாறு தலைமை வகித்தார்கள். தலைமை வகிப்பவருக்கு ‘சங்கீத கலாநிதி’ என்ற பட்டம் வழங்கும் வழக்கம் 1942இல் ஏற்பட்டது. இன்று அது வாழ்நாள் சாதனைக்கான விருதாகவே பொதுவாகப் பார்க்கப்படுகிறது என்றாலும், அதன் பிறப்பு ஒரு பணியோடு பிணைந்தது: காலை அமர்வுகளில் உட்கார்ந்து, பிறர் பாடுவதையும் பேசுவதையும் கேட்டு, விவாதத்தை நெறிப்படுத்தி, இறுதியில் தொகுத்துரைக்கும் பணி. அதை வகுப்பறையை நடத்தும் பணியின் விரிவு என்றே கூறலாம்.

இந்த அமர்வுகளில் நிகழ்ந்தவற்றுள் ராக லக்ஷண விவாதங்கள் முதன்மையானவை. ராக லக்ஷணம் என்பது ஒரு ராகத்தை அடையாளம் காட்டும் கூறுகளின் தொகுப்பு. ஆரோகண அவரோகணம் என்னும் ஏறுவரிசையும் இறங்குவரிசையும், ராகத்தின் உயிராக விளங்கும் ஜீவஸ்வரங்களும், ஸ்வரங்களை அசைத்தும் இழைத்தும் ஒலிக்கும் கமகங்களும், ராகத்துக்கே உரிய பிடிப்புகளும் அதில் அடங்கும். இவற்றை எழுத்தில் வகுப்பது எளிதன்று என்பதற்குப் பேகடா ராகம் ஒன்றே போதிய சான்று. 29ஆவது மேளம், அதாவது தாய் ராகம், ஆகிய தீரசங்கராபரணத்திலிருந்து பிறந்த ஜன்யம் என்று நூலில் அதற்கு இலக்கணம் எழுதிவிடலாம். ஆனால் அதன் மத்யமமும் நிஷாதமும் தமக்குரிய தானத்தில் அசையாமல் நிற்பவை அல்ல. அவற்றின் நிறம் எந்தப் பிடிப்பில், எந்த ஸ்வரத்திலிருந்து வந்து, எந்த ஸ்வரத்தை நோக்கிச் செல்கின்றன என்பதைப் பொறுத்து மாறுகிறது. இதனை விளக்கப் பாடத் தெரிந்த குரல் வேண்டும். பாடியதைப் பிரித்துச் சொல்லும் அறிவும் வேண்டும். கச்சேரி மேடையில் முதலாவது மட்டும் போதும். நூலகத்தில் இரண்டாவது மட்டும் போதும். ஆசிரியரிடம்தான் இவ்விரண்டும் ஒருசேரத் தேவைப்படுகின்றன; நாள்தோறும் ஒரு மாணவரின் பிழையைத் திருத்தும் கட்டாயத்தில் இருப்பவர், தம் குரல் தன்னியல்பாகச் செய்வதை எப்படியாவது சொல்லில் கொண்டுவந்தே ஆக வேண்டும். காலை அரங்கின் விவாதங்கள் உயிர்ப்போடு இருந்ததற்குக் காரணம், அங்கே கூடிய வித்வான்களில் பலர் இந்தக் கட்டாயத்தில் பழகியவர்களாக இருந்ததே.

இதனால் விளைந்தவை மேடையோடு நிற்கவில்லை. 1930 முதல் வெளிவரத் தொடங்கிய வித்வத் சபையின் இதழ் மாநாட்டு விவாதங்களைப் பதிவு செய்தது. 1931இல் இசையாசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கென்றே ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி இயற்றிய, 72 மேளகர்த்தா முறைக்கு அடிப்படையாகிய ‘சதுர்தண்டி பிரகாசிகை’ 1934இல் அச்சேறியது. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1961 முதல் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளிவந்தது. ஒரு விழா தன் ஆண்டுக்கணக்கை முடித்துக்கொண்டு கலைந்துவிடாமல், கல்லூரியாகவும் இதழாகவும் நூலாகவும் ஆண்டு முழுவதும் நீடிக்க வேண்டும் என்ற எண்ணம் ஆசிரியர்களுக்கே உரியது. கற்பிப்பவருக்கு ஒரு நாளின் வெற்றி போதுவதில்லை, மறுநாள் மாணவரிடம் அது எஞ்சியிருக்கிறதா என்பதே கேள்வி.

இந்த மரபின் சிறந்த எடுத்துக்காட்டாக டைகர் வரதாச்சாரியாரைக் குறிப்பிடலாம். அவருடைய குரல் இனிமையானதன்று என்று அவரைப் போற்றியவர்களே சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் ராகத்தை விரித்துச் செல்லும் அவருடைய மனோதர்மத்தை, அதாவது முன்கூட்டி வகுத்துக்கொள்ளாமல் அவ்வப்போது கற்பனையில் படைக்கும் ஆற்றலை, மறுத்தவர் எவருமில்லை. வித்வத் சபையின் ஆசிரியர் கல்லூரிக்கு முதல் முதல்வராகவும், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கலாக்ஷேத்திராவிலும் ஆசிரியராகவும் விளங்கிய அவரிடம் பயின்றவர்களுள் எம். டி. ராமநாதன் ஒருவர், ராமநாதனும் பின்னர் கலாக்ஷேத்திராவில் ஆசிரியரானார். முசிறி சுப்பிரமணிய ஐயர் சென்னை மத்திய கர்நாடக இசைக் கல்லூரியின் முதல்வரானார். திருவனந்தபுரத்தின் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியை முத்தையா பாகவதரும் அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயரும் நடத்தினார்கள். வீணை தனம்மாள் மரபின் அருங்களஞ்சியமாக விளங்கிய டி. பிருந்தா மத்திய இசைக் கல்லூரியில் கற்பித்தார். மாநாட்டு மேடையில் தலைமை வகித்தவர்களின் பெயர்களும் இசைக் கல்லூரிகளின் ஆசிரியப் பட்டியலும் பல இடங்களில் ஒன்றாகவே இருப்பதைக் காணும்போது, விழாவும் கல்வியும் ஒரே மனிதர்களின் இரு கைகளாக இயங்கியது தெளிவாகிறது.

இம்மரபில், மேடையேறிப் பாடாத கல்வியாளர்களின் பங்கும் சிறிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த வே. ராகவன் 1944 முதல் 1979இல் மறையும் வரை வித்வத் சபையின் செயலராகப் பணியாற்றி, இதழைப் பதிப்பித்து, காலை அமர்வுகளுக்குப் பொருள் வகுத்து, சுவடிகளில் கிடந்த இசை நூல்களை வித்வான்களின் பார்வைக்குக் கொண்டுவந்தார். சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையை வளர்த்த பி. சாம்பமூர்த்தி, தென்னிந்திய இசையைப் பாடநூல் வரிசையாக எழுதி, பள்ளி மாணவரும் அணுகக்கூடிய பாடமாக அதை மாற்றினார். நீதிபதியாகப் பெயர்பெற்ற டி. எல். வேங்கடராம ஐயர், முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை அம்பி தீட்சிதரிடம் கற்று, பிறருக்குக் கற்பித்து, 1944இல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். நூலறிவும் குரலறிவும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் சூழலை இவர்கள் பேணினார்கள். நூல் சொல்வதற்கு வழக்கில் சான்று உண்டா என்று வித்வானும், வழக்கில் இருப்பதற்கு மரபில் வேர் உண்டா என்று அறிஞரும் கேட்டுக்கொண்டார்கள்.

எனினும் கற்பிக்கும் நோக்கோடு எழுந்த ஒரு சபை, யாரிடமிருந்து கற்பது என்பதில் காட்டிய தயக்கங்களையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 1940களின் தொடக்கத்தில் கச்சேரிகளில் தெலுங்கும் வடமொழியும் மேலோங்கியிருந்த நிலையை எதிர்த்துத் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, மொழியின் பொருட்டு இசைத்தரம் தளரக்கூடாது என்ற நிலைப்பாட்டை வித்வத் சபை மேற்கொண்டது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் 1941இல் அண்ணாமலை நகரில் மாநாடும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமும் உருவாயின. கருத்தில் எதிரெதிராக நின்றபோதும் அச்சங்கமும் ஆசிரியர் வழியையே தேர்ந்துகொண்டது என்பது கவனிக்கத் தக்கது. 1949 முதல் அதன் விழாவையொட்டி நடந்த பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில், கோயில்களில் தேவாரம் பாடிவந்த ஓதுவார்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த பண்களில் தக்கேசி காம்போதி ராகமாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும், கொல்லி நவரோஜாகவும் ஒலிப்பதை இசையாசிரியர்களும் தமிழறிஞர்களும் கேட்டு ஆராய்ந்தார்கள். கச்சேரி மேடையில் இடம்பெறாத ஓதுவாரை அறிவின் ஊற்றாக மதித்து நடுவே அமர்த்திய அச்செயல், காலை அரங்கு எவ்வளவு விரியக்கூடியது என்பதைக் காட்டிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களை ஸ்வரக்குறிப்போடு வெளியிட்டதும், எம். எம். தண்டபாணி தேசிகர் அங்கே ஆசிரியராக இருந்து கற்பித்ததும் அதே பணியின் தொடர்ச்சி.

பெண்களின் நிலையும் இவ்வாறே காலம் தாழ்ந்து சீர்பெற்றது. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை இரு கட்சிகளாகப் பிரிந்து நடந்தபோது இரண்டிலும் பெண்கள் பாட இடமில்லை. அங்கிருந்த தியாகராஜரின் சமாதியைச் சீரமைத்துக் கோயில் எழுப்பத் தம் செல்வத்தைக் கொடுத்த பெங்களூர் நாகரத்தினம்மாள், பெண்களுக்கென ஒரு குழுவைத் திரட்டித் தாமே ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் எல்லாத் தரப்புகளும் ஒன்றாக இணைந்தபோது பெண்களும் அவ்விழாவில் பாடும் நிலை உருவாயிற்று. வித்வத் சபையின் மாநாட்டுக்கு ஒரு பெண் தலைமை வகிக்க 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வாண்டில் எம். எஸ். சுப்புலட்சுமியும், 1970இல் டி. கே. பட்டம்மாளும், 1973இல் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியும், 1976இல் பிருந்தாவும் அவ்வாசனத்தில் அமர்ந்தார்கள். தாளக் கலைஞர்களும் இவ்வாறே காத்திருந்தார்கள்; மிருதங்க வித்வான் ஒருவர் முதன்முதலாகத் தலைமை ஏற்றது 1966இல், பாலக்காடு மணி ஐயரின் வழியாக. தாளத்தின் நுட்பத்தையும் இசைவேளாளர் மரபில் வந்த பெண்களின் பாடாந்தரச் செல்வத்தையும் கல்வி வளர்க்கும் ஒரு சபை முன்னரே தலைமையில் அமர்த்தியிருக்க வேண்டும். அதைச் செய்யாத ஆண்டுகளில் இழக்கப்பட்டது அக்கலைஞர்களின் கௌரவம் மட்டுமன்று, அவர்களிடமிருந்து மாணவர்கள் பொதுவில் கற்றிருக்கக்கூடிய அறிவும்தான்.

விழா நடத்தும் பொறுப்பைக் கலைஞர்களே மேற்கொள்ளும் முயற்சி பின்வந்த தலைமுறையிலும் தொடர்ந்தது. 1980களின் நடுப்பகுதியில் சென்னையின் இளம் இசைக்கலைஞர்கள் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்து, தம் வயதினருக்கான கச்சேரிகளையும் மூத்த வித்வான்களோடு உரையாடல்களையும் நடத்தினார்கள். 2008இல் டி. எம். கிருஷ்ணாவும் பாம்பே ஜெயஸ்ரீயும் தொடங்கிய ‘ஸ்வானுபவா’ விழா மாணவர்களையே அவையினராகக் கொண்டது; கர்நாடக இசையோடு இந்துஸ்தானி இசையும் கூத்தும் பிற நாட்டார் கலைகளும் ஒரே மேடையில் இடம்பெற்றன; கலைஞரிடம் மாணவர் நேராக வினா எழுப்பும் வாய்ப்பு அதன் அடிப்படை இயல்பாக அமைந்தது. 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, மீனவர் குடியிருப்பின் மக்களோடு சேர்ந்து நடத்தப்பட்டு, பறையும் கர்நாடக இசையும் அருகருகே ஒலிக்கும் அவையை உருவாக்கியது. பண் ஆராய்ச்சியில் ஓதுவாரை நடுவே அமர்த்திய அதே கேள்வி, யாரிடமிருந்து கற்பது என்ற கேள்வி, இங்கே இன்னும் விரிந்த அளவில் எழுப்பப்பட்டது.

கலைஞர்களும் ஆசிரியர்களும் விழாவை நடத்துவதில் இடர்கள் இல்லாமலில்லை. தேர்வு செய்யும் இடத்தில் இருப்பவரின் சீடர்களுக்கு மேடை எளிதில் கிடைக்கக்கூடும். ஒரு பரம்பரையின் பாடாந்தரமே சரியானது என்ற பிடிவாதம் சபையின் தீர்ப்பாக மாறக்கூடும். இலக்கணத்தை வரையறுக்கும் ஆர்வத்தில், வழக்கில் உயிரோடு உலவும் பலவகை வடிவங்கள் பிழை என்று ஒதுக்கப்படவும் கூடும். நிர்வாகத்துக்குச் செலவாகும் நேரம் சாதகத்திலிருந்து கழிக்கப்படும் நேரம் என்பதும் உண்மை. ஆயினும் இவ்விடர்களுக்கான மருந்தும் காலை அரங்கிலேயே இருக்கிறது: எந்த முடிவும் எல்லாரும் கேட்கப் பாடிக் காட்டப்பட்டு, மறுப்புக்கு இடம் தந்து, பதிவு செய்யப்படும் இடத்தில் ஒருவரின் பிடிவாதம் நெடுநாள் நிலைக்காது. ஆசிரியரின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தக்கூடியது, கேள்வி கேட்கத் துணியும் மாணவரே ஆவார்.

இக்காலத்தில் டிசம்பர் மாதத்தில் சென்னையின் சபாக்களில் நடக்கும் கச்சேரிகள் ஒருவர் கேட்டு முடிக்க இயலாத அளவுக்குப் பெருகிவிட்டன. ஒலிப்பதிவுகளோ எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கேட்பதற்கு இசை குறைவாக இருந்த காலத்தில் கேட்கக் கற்பிப்பதற்கென ஓர் அரங்கை உருவாக்கினார்கள் என்றால், இசை நிரம்பி வழியும் காலத்தில் அந்த அரங்கின் தேவை பன்மடங்கு கூடியிருக்கிறது. ஏனெனில் மிகுதியான ஒலிக்கு நடுவே வேறுபாடுகளை உணரும் செவி தானாக உருவாவதில்லை, யாரேனும் ஒருவர் நிறுத்தி, மீண்டும் பாடிக் காட்டி, இதைக் கேள் என்று சொன்னால்தான் உருவாகிறது. எனவே ஓர் இசைவிழாவின் தகுதியை மதிப்பிட விரும்புபவர், அதன் மாலைப் பட்டியலில் இடம்பெறும் பெயர்களைப் பார்ப்பதற்கு முன், அவ்விழாவில் ஒரு மாணவர் தம் ஐயத்தை வாய்விட்டுக் கேட்க எத்தனை மணிநேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றும், அந்த ஐயத்துக்குப் பாடி விடை சொல்லக்கூடியவர்கள் அங்கே அமர்ந்திருக்கிறார்களா என்றும், இதுவரை அழைக்கப்படாத எந்த மரபு இவ்வாண்டு அழைக்கப்பட்டிருக்கிறது என்றும் கேட்க வேண்டும். இம்மூன்றுக்கும் நல்ல விடை தரும் விழாவுக்குப் பெரிய அரங்கோ பெரும் பொருளோ இல்லாவிட்டாலும் அது இசையை வளர்க்கும். இவற்றில் ஒன்றுக்கும் விடை இல்லாத விழா, எவ்வளவு சிறந்த குரல்களைத் திரட்டினாலும், முன்னோர் சேர்த்து வைத்த செவிகளைச் செலவழித்துக்கொண்டே இருக்கும்.